சைக்கிள் ஓட்டினால் முட்டி வலி: சீட்டை ஏற்றுவதா, இறக்குவதா?

கேள்வி: எனக்கு வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை குறையட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினேன். ஆரம்பத்தில் தினமும் 8 கிலோமீட்டர். ஒரு தொந்தரவும் இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஓட்டத் தொடங்கியதும் அது ஒரேயடியாக 25 ஆனது, ஞாயிற்றுக்கிழமைகளில் 50. சில வாரங்களிலேயே இரண்டு முட்டியிலும் முன்பக்கம் வலி, வலதில் அதிகம். மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும்போதும் நன்றாகத் தெரிகிறது. வீக்கம் இல்லை. சீட் தாழ்வாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அன்றைக்கே 5 சென்டிமீட்டர் ஏற்றினேன். முன்வலி குறைந்தது, ஆனால் முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது. உட்காரும் இடம் உரசிப் புண்ணாகிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது. பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ போட்டால் சரியாகும் என்று இன்னொருவர் சொல்ல, அதையும் வாங்கினேன். இப்போது வலது முட்டியின் வெளிப்பக்கமும் வலிக்கிறது. சைக்கிளை விற்றுவிடலாமா? முட்டி பெல்ட் போடலாமா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: சைக்கிளை விற்காதீர்கள். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையே சில வாரங்களில் நிலை சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்கிறோம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட்கள் பரிந்துரைக்கும் பயிற்சிகளில் சைக்கிளும் ஒன்று. உடல் எடையில் பெரும்பகுதியைச் சீட்டே தாங்கிக்கொள்வதால், நடப்பதையும் ஓடுவதையும் விட முட்டிக்கு அது இதமான வேலை. அது இதமாக இல்லை என்றால், ஒன்று சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை, அல்லது உடம்பு தயாராகும் முன்பே தூரம் கூடிவிட்டது. உங்கள் விஷயத்தில் இரண்டும் நடந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, நடந்ததை வரிசை மாறாமல் எழுதியிருப்பதுதான். முதலில் முன்பக்க வலி. சீட்டை ஏற்றியதும் அது குறைந்து, பின்பக்கம் இழுப்பு. கிளிப் ஷூ வந்ததும் வெளிப்பக்க வலி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புது வலி, ஒவ்வொன்றும் ஒரு புது இடத்தில். உள்ளே ஏதோ கெட்டுப்போன முட்டி பொதுவாக இப்படி நடந்துகொள்ளாது. சைக்கிளில் எதை மாற்றினாலும் உடனே பதில் சொல்கிற முட்டி உங்களுடையது. இது நல்ல செய்தி. அந்தப் பதிலை வைத்துத்தான் எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கண்டுபிடிக்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்றை முடித்துவிடுகிறேன். முட்டி வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் வந்தாலோ, பாதி மடக்கிய நிலையில் பூட்டியதுபோல் சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென மடங்கி விழப்பார்த்தாலோ, தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இரவில் வலித்தாலோ, விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலியாக இருந்தாலோ, இதை மேற்கொண்டு படிக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அது முட்டிப் பிரச்சினையாக இல்லாமல் இரத்தக்குழாயில் ஏற்பட்ட உறைவாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் சைக்கிளுக்கு வருவோம்.

சைக்கிளுக்கும் முன்னால் தூரம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோமீட்டர் போய்ச்சேர 24 நிமிடம். அதற்குள் ஒவ்வொரு முட்டியும் 1,920 முறை மடங்கி நீளும். 25 கிலோமீட்டர் என்றால் 6,000 முறை. 50 என்றால் 12,000. தசை சில வாரங்களில் பழகிவிடும், மூச்சு அதைவிட வேகமாகப் பழகும். தசைநாருக்கும் முட்டிச்சில்லுக்கு அடியில் இருக்கும் பகுதிகளுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை, கால் சோர்வு இல்லை, ஆகவே உடம்பு தயார் என்று நினைத்துத் தூரத்தைக் கூட்டுகிறோம்; முட்டி பின்தங்கிவிடுகிறது. சீட் சற்றுத் தாழ்வாக இருந்தபோதும் 8 கிலோமீட்டரில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவனித்தீர்களா? அதே தவறான உயரம், மூன்று மடங்கு தூரம் வந்த பிறகுதான் வலியாக மாறியது. ஆகையால் பாதிப் பழி சைக்கிள் மேல், பாதிப் பழி அந்த 25 கிலோமீட்டர் மேல். சீட்டை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் இரண்டாவதைச் சரி செய்யாமல் வலி முழுதாகப் போகாது.

சரி, சீட்.

புது சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரும் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை வைத்துக்கொள்கிறார்கள். கடையிலும் அப்படித்தான் வைத்துக் கொடுப்பார்கள், பயமில்லாமல் ஓட்டட்டும் என்று. பெடலை முன்னால் தள்ளி வைத்த சில மாடல்களைத் தவிர, சாதாரண சைக்கிளில் இந்த உயரம் மிகவும் தாழ்வு. பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே அழுத்தவும் வேண்டியிருக்கிறது. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறதோ, அதே அழுத்தத்துக்கு முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அவ்வளவு பலமாக இறுக்கப்படும். மாடிப்படி இறங்கும்போதும் நெடுநேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் வேலைசெய்வது இதே இடம்தான். அதனால்தான் உங்களுக்கு அந்த இரண்டு நேரத்திலும் வலிக்கிறது. உங்கள் நண்பர் சொன்னது சரி. சீட் தாழ்வாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் 5 சென்டிமீட்டர்! நான் சீட்டை நகர்த்தினால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் நகர்த்துவேன். மிகத் தாழ்வாக இருக்கும் சீட்டைக்கூட ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் ஏற்றமாட்டேன். நீங்கள் ஒரு திருகைத் தளர்த்தி ஒரு மாற்றம் செய்ததாக நினைத்தீர்கள். உண்மையில் மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. சீட் உயர்ந்தது, அது முதலாவது. சீட் போஸ்ட் நேர்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும், பல சைக்கிள்களில் அந்தக் கோணம் 73 டிகிரியை ஒட்டி வரும். எனவே 5 சென்டிமீட்டர் ஏற்றும்போது சீட் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பின்னாலும் போயிருக்கும், இரண்டாவது. ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருப்பதால், சீட்டோடு ஒப்பிட்டால் அது 5 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது, தூரமும் ஆகிவிட்டது; மூன்றாவது.

இப்போது உங்கள் மற்ற தொந்தரவுகளை இதோடு பொருத்திப் பாருங்கள். பெடல் கீழே போகும்போது கால் அதிகமாக நீள்கிறது, சீட் பின்னால் போனது அந்த நீட்டத்தை இன்னும் கூட்டுகிறது. முட்டிக்குப் பின்னால் இருக்கும் பின்தொடைத் தசையின் நாண்கள் ஒவ்வொரு சுற்றிலும் இழுபடுகின்றன. கால் எட்டாததால் இடுப்பு இடமும் வலமுமாக ஆடுகிறது. உட்காரும் இடம் உரசிப் புண்ணாவது அதனால். ஹேண்டில்பார் தாழ்ந்து தூரமானதால் உடம்பின் பாரம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகிறது. நான்கு நோய்க்கு நான்கு மருந்து தேட வேண்டிய அவசியமில்லை. உட்காரும் இடமும் கையும் முட்டியின் பின்பக்கமும் ஒரே திருகால் வந்தவை.

ஆகவே சீட் இறங்க வேண்டும், ஆனால் பழைய இடத்துக்கு அல்ல. சரியான உயரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைத் தேடும் முன் இப்போது இருக்கும் நிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து, சீட் போஸ்ட்டின் போக்கிலேயே டேப்பை வைத்து, சீட்டின் மேல்பரப்பு வரை எவ்வளவு. சீட்டின் மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை எவ்வளவு. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் சீட்டில் கை வைத்தால் நாளைக்குத் திரும்பிப் போக வழி இருக்காது.

பிறகு குதிகால் முறை. சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் செருப்பையோ ஷூவையோ போட்டு சீட்டில் நேராக உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி முழுதாக நீள வேண்டும், ஆனால் குதிகால் பெடலை விட்டு நழுவவும் கூடாது, எட்டிப் பிடிக்க இடுப்பு ஒரு பக்கம் சாயவும் கூடாது. அந்த உயரத்தில் நிறுத்துங்கள். ஓட்டும்போது முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கியிருக்கும். எளிய முறை, கருவி வேண்டாம், பெரும்பாலானவர்களைச் சரியான இடத்துக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடும். பாதம் மிகப் பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால் கொஞ்சம் பிசகும்.

எண் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் முதுகு படும்படி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்தால் அதுதான் கவட்டை உயரம். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். கவட்டை உயரம் 78 சென்டிமீட்டர் என்றால் 68.9. இது பந்தய சைக்கிள் வட்டாரத்திலிருந்து வந்த கணக்கு. சிலருக்குக் கொஞ்சம் உயரமாகவே காட்டும். குதிகால் முறையும் இதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முரண்பட்டால், உங்கள் நிலையில் தாழ்வான எண்ணை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஐந்தைந்து மில்லிமீட்டராக ஏற்றிப்பார்ப்பது எளிது.

கடைசிச் சோதனை கோணம். பெடலை அடியில் நிறுத்தி முன்பாதத்தை அதன் மேல் வைத்து, இடுப்பின் வெளிப்புற எலும்பு முனை, முட்டியின் வெளிப்புறம், கணுக்காலின் வெளி எலும்பு மூன்றையும் கோட்டால் இணைத்துப் பார்த்தால், முட்டி நேர்கோட்டிலிருந்து 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். முன்பக்க வலி உள்ளவர்களை நான் 25 முதல் 30 வரை வைக்கப் பார்ப்பேன். வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னால் போதும், கோணம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நிறுத்திவைத்து அளப்பதும் ஓட்டும்போது வீடியோவில் அளப்பதும் ஒன்றல்ல. ஓட்டும்போது குதிகால் எழும்புவதால் கோணம் 5 முதல் 10 டிகிரி கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி சீட்டை மறுபடி ஏற்றிவிடாதீர்கள்.

இந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி பாதம் முழுதாகத் தரையில் படாது, நுனிவிரல்தான் படும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். இரண்டே நாளில் வந்துவிடும். சீட் போஸ்ட்டில் ‘இதற்கு மேல் வெளியே இழுக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். அது கண்ணுக்குத் தெரிந்தால் உங்கள் சைக்கிளே உங்களுக்குச் சிறியது. அப்புறம், போஸ்ட் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவையுங்கள். சரியாக இறுக்காத போஸ்ட் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நன்றாக இருந்த முட்டி திடீரென முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். காரணமே புரியாத வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது போஸ்ட் இறங்கியிருக்கிறதா என்றுதான். அடுத்த கேள்வி, புதுச் செருப்பா, புது சீட்டா? அடிப்பாகம் ஒரு சென்டிமீட்டர் தடித்த செருப்பு, சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கியதற்குச் சமம்.

உயரம் முடிந்த பிறகுதான் முன்பின் நகர்த்தல். பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள மேட்டிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது வழக்கமான விதி. விதி என்று சொல்வது அதிகம். படுத்தபடி ஓட்டும் சைக்கிள்களில் நூல் பெடலுக்கு அருகில்கூட விழாது, அவர்களும் முட்டி வலி இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். தொடங்குவதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். முன்பக்க வலிக்காரர்களுக்கு நூல் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தால் நல்லது. பின்பக்கம் இழுப்பவர்களுக்குச் சீட் கொஞ்சம் முன்னால் வரலாம். உங்களுக்கு இரண்டும் இருப்பதால் நூல் அச்சின் மேலேயே விழட்டும். சீட்டை அதன் அடியில் இருக்கும் தண்டவாளக் கம்பிகளில் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் அது கிராங்க் அச்சுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நெருங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைத்து, உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

சீட்டின் மேல் ஒரு இரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டமாகவோ, மூக்கு ஒன்றிரண்டு டிகிரி மட்டும் தாழ்ந்தோ இருக்கலாம். உட்காருமிடம் வலிக்கிறது என்று பலர் மூக்கைக் கீழே சாய்த்துவிடுகிறார்கள். உடம்பு முன்னால் சறுக்கும், கை தாங்கிப் பிடிக்கும், விரல் மரத்துப்போகும். அது மட்டுமில்லை, சறுக்கி மூக்கில் உட்கார்ந்தால் பெடலுக்கு நெருங்கி வந்துவிடுகிறோம். சீட் உயரம் சரியாக இருந்தும் முட்டிக்குத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்த கதைதான். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதேதான் நடக்கும். கைக்காக மூக்கில் உட்காருகிறோம், அடி வாங்குவது முட்டி. அதனால் சீட்டை இறக்கிய பிறகும் விரல் மரத்தால், ஹேண்டில்பாரை உயர்த்துங்கள் அல்லது ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கழுத்துப்பகுதி) குட்டையானதாக மாற்றுங்கள். மாற்றச் சொல்லிக் கடையில் கொடுப்பது நல்லது. முன்சக்கரத்தின் பிடிப்பு சம்பந்தப்பட்ட வேலை அது. டயரில் கல்லுபோல் காற்றடிப்பவராக இருந்தால், டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கைக்கும் உட்காருமிடத்துக்கும் உடனே தெரியும்.

கிளிப் ஷூவுக்கு வருகிறேன். மூன்று நான்கு வாரத்துக்கு அதை அலமாரியில் வையுங்கள். கிளிப் ஷூ கெட்டது என்று சொல்லவில்லை. மட்டப் பெடலில் பாதம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி, வலிக்காத கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். கிளீட் (கிளிப் ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் துண்டு) பூட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. கோணம் தவறாகப் பூட்டினால் பாதத்துக்கு வலிக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல், கீழே பாதத்துக்கும் மேலே இடுப்புக்கும் நடுவில் நிற்கும் முட்டிதான் முறுக்கை வாங்கும். பாதத்தின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியபடி பூட்டினால் முட்டியின் வெளிப்பக்கம் வலிப்பது வழக்கம். தொடையின் வெளியோரமாக இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை வரும் நார்ப்பட்டை அங்கே அழுந்துகிறது. சீட் உயரமாக இருந்தாலும் அதே பட்டை வலிக்கும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது.

மீண்டும் கிளிப் ஷூவுக்குப் போகும்போது, உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பாதமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். பலருக்குக் கொஞ்சம் வெளியே பார்க்கும், இரண்டு காலுக்கும் ஒரே மாதிரியும் இருக்காது. அந்தக் கோணத்தையே கிளீட்டில் கொண்டுவர வேண்டும். இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு: பாதம் வெளியே பார்க்க வேண்டுமென்றால் ஷூவின் அடியில் கிளீட்டின் மூக்கை உள்பக்கம், அதாவது கட்டைவிரல் பக்கம் திருப்ப வேண்டும். முன்பின்னாகப் பார்த்தால், கட்டைவிரல் மேட்டுக்கும் சுண்டுவிரல் மேட்டுக்கும் நடுவில் பெடல் அச்சு வரட்டும். ஐயமிருந்தால் குதிகாலை நோக்கிச் சில மில்லிமீட்டர் தள்ளிவையுங்கள், முன்னால் வேண்டாம். பூட்டிய பிறகும் பாதம் கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்கும் கிளீட்டை எடுங்கள். ஷிமானோவின் சாலை சைக்கிள் கிளீட்களில் மஞ்சள் 6 டிகிரி திரும்பும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. முட்டி வலி உள்ளவருக்குச் சிவப்பை விற்கிறவர்களை என்ன சொல்வது!

வலது முட்டியில் மட்டும் ஏன் அதிகம்? பழைய கணுக்கால் சுளுக்கு, ஒரு கால் சற்றுக் குட்டை, ஒரு பக்க இடுப்பு இறுக்கம், எப்போதும் வலது காலால் மட்டும் உந்திக் கிளம்பும் பழக்கம் என எதுவாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. முன்னால் போனை நிறுத்தி, நிலைப்படுத்திய சைக்கிளில் ஒரு நிமிடம் மிதித்துப் படம் எடுத்துப் பாருங்கள். முட்டி மேலும் கீழும் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். வலது முட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் சைக்கிள் சட்டத்தை நோக்கி உள்ளே சாய்கிறது என்றால் அது சீட்டில் தீரும் விஷயம் இல்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருக்கலாம்.

அதற்குப் பயிற்சி இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து நிற்பது, தாழ்வான படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்குவது. வாரம் மூன்று நாள், குறைந்தது ஆறு வாரம். முன்முட்டி வலிக்குத் தொடையையும் இடுப்பையும் சேர்த்துப் பலப்படுத்துவதுதான் ஆதாரம் வலுவாக உள்ள சிகிச்சை. கேட்கச் சுவாரசியமாக இருக்காது, அதனால்தான் எல்லோரும் சீட்டையே திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து கியர். நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் குழுவோடு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் கனமான கியரில் மெதுவாக மிதிப்பார்கள், அதுதான் பலம் என்று நினைத்து. ஒரே வேகத்தை நிமிடத்துக்கு 50 சுற்றில் எட்ட வேண்டுமென்றால், 80 சுற்றில் தேவைப்படும் அழுத்தத்தைப்போல் 1.6 மடங்கு ஒவ்வொரு மிதியிலும் வேண்டும். வலது முட்டி மேலே வருவதை 15 வினாடிக்கு எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80. அதற்குக் குறைந்தால் இலகுவான கியருக்கு மாறுங்கள். மேட்டில் 70 வந்தாலும் பரவாயில்லை. கிராங்க்கைக் குட்டையாக மாற்றுவது பற்றி யாராவது சொல்வார்கள். 170 மில்லிமீட்டருக்குப் பதில் 165 போட்டால் பெடல் மேலே வரும்போது முட்டி குறைவாக மடங்கும் என்பது உண்மைதான். உயரம் குறைந்தவர்களுக்கு அது நல்ல தீர்வு. 2024 பந்தயங்களில் ஸ்லோவேனிய சைக்கிள் வீரர் தடேய் போகச்சார் 165 கிராங்க்கோடு ஓட்டிய பிறகு இது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. நீங்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். சீட்டை இறக்குவதற்குச் செலவில்லை, முதலில் அதைப் பார்ப்போம்.

தூரத்தை எப்படி வைப்பது? மட்டப் பெடலும் புது சீட் உயரமுமாக, மறுபடி 8 கிலோமீட்டரில் தொடங்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்துக்கு மூன்று என்று மதிப்பிடக்கூடிய லேசான வலி ஓட்டும்போது இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முந்தைய ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். இரண்டு வாரம் அமைதியாகப் போனால், வாரத்துக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை 50 கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். நண்பர்களோடு பாதி தூரம் போய்த் திரும்பலாம். இந்தக் காலத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், அதையும் தேதியோடு எழுதிவைத்து, நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. முன்பக்கம் மறுபடி வலித்தால் 3 மில்லிமீட்டர் ஏற்றுங்கள். பின்பக்கம் இழுத்தால் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள்.

பெல்ட் போட்டால் சிலருக்கு முட்டி இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் அளவு சரி செய்யும் இந்த வாரங்களில் வேண்டாம், வலி தரும் தகவல் மங்கிவிடும். சைக்கிளில் முட்டி மடங்கும்போது பின்பக்கம் சுருங்கி உரசவும் செய்யும். எக்ஸ்ரே இப்போது தேவையில்லை. அடிபடாத, வீங்காத முன்முட்டி வலிக்கு அது பெரும்பாலும் எதையும் சொல்லாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எடுத்தால் வலியே இல்லாத முட்டியிலும் லேசான தேய்மானம் தெரியும். அதைப் பார்த்துக் கவலைப்பட்டு சைக்கிளை நிறுத்திவிடுவார்கள். ஆறு வாரம் இதையெல்லாம் செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள், அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்த பிறகு படம் தேவையா என்று முடிவு செய்யட்டும்.

மறுபடி எழுதுவதாக இருந்தால் கவட்டை உயரம், ஏற்றுவதற்கு முன் இருந்த சீட் உயரம் நினைவிருந்தால் அது, இப்போதைய உயரம், கிராங்க்கின் உள்பக்கம் பொறித்திருக்கும் நீளம், வாங்கிய கிளீட்டின் நிறம், இத்தனையும் எழுதுங்கள். வலதுகாலில் பழைய அடி ஏதாவது உண்டா என்பதையும்.